விதியும் பொருளும்: ஹுவான் கிரிஸின் ஓவியங்களை மதிப்பிடல்

கியூபிச வரலாற்றை எழுதியவர்கள் பிக்காசோ, பிராக் ஆகிய இருவருக்கும் அடுத்து மூன்றாவதாக ஹுவான் கிரிஸை நிறுத்துவது வழக்கம். அந்த இடத்தைப் பற்றிப் பெரிய பூசல் இல்லை. எதற்காக அந்த இடம் என்பதில்தான் கருத்து பிளவுபடுகிறது. மற்றவர்கள் கண்டெடுத்ததை ஒழுங்குபடுத்திய திறமைசாலி என்று ஒரு சாரார் அவரைச் சுருக்குகிறார்கள். அவருடைய ஓவிய வணிகரும் நண்பருமான கான்வைலர் 1946இல் வெளியிட்ட நூலின் வழியில் நிற்கும் மறுசாரார், கியூபிசம் தன் தூய நிலையை அடைந்தது கிரிஸிடம்தான், அதிலும் கடைசி ஆண்டுகளில்தான் என்கிறார்கள். முதல் தரப்பு அவருடைய முறைமையைக் குறையாகக் காண்கிறது. இரண்டாம் தரப்பு அதையே நிறைவாகக் காண்கிறது. கிரிஸ் என்றாலே முறைமை என்பதில் இரு தரப்புக்கும் ஐயமே இல்லை. இந்தப் பொது எடுகோளை ஓவியங்களின் முன் நிறுத்திச் சோதிக்க வேண்டும்.

சோதித்தால் கிடைக்கும் முடிவு இரு தரப்புக்கும் உவப்பானதாக இராது. முறைமை கிரிஸின் ஆற்றல் என்பது உண்மை. ஆனால் வரையப்படும் பொருள் அந்த முறைமைக்கு எளிதில் இணங்காமல் எதிர்த்து நின்ற ஓவியங்களில் மட்டுமே அது பெரிய கலையாகிறது. எதிர்ப்பு ஓய்ந்த இடங்களில் அது கைத்திறனாகத் தங்கிவிடுகிறது. இந்த அளவுகோலைக் கொண்டு அவருடைய பதினாறு ஆண்டு உழைப்பைத் தரம் பிரிக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வாழ்க்கையிலிருந்து இந்த வாதத்துக்கு வேண்டியவை சில செய்திகளே. 1887இல் மாட்ரிட்டில் பிறந்த, ஹோசே விக்டோரியானோ கொன்சாலஸ் என்னும் இயற்பெயர் கொண்ட கிரிஸ், 1902 முதல் 1904 வரை அந்நகரின் கலை-கைத்தொழில் பள்ளியில் இயந்திர வரைபடம் பயின்றார்; பின்னர் மரபுவழி ஓவியர் ஒருவரிடம் சிறிது காலம் கற்றார். கட்டாய இராணுவச் சேவையைத் தவிர்த்து 1906இல் பாரிஸ் சென்ற அவரால் தாய்நாட்டுக்குத் திரும்ப முடியவில்லை. மோன்மார்த்ரில் பத்தோ-லவ்வார் எனப்பட்ட பாழடைந்த கட்டடத்தில், பிக்காசோவின் அண்டை வீட்டுக்காரராகக் குடியேறினார். ‘லாசியெத் ஓ பெர்’, ‘லெ ஷாரிவாரி’ போன்ற இதழ்களுக்குக் கேலிச்சித்திரம் வரைந்து பிழைத்தார். ஓவியத்தில் முழுமூச்சாக இறங்கியது 1911 வாக்கில்தான். வரைபடப் பயிற்சியும் இதழ்ப்பணியும் அவர் கையில் இரண்டு பழக்கங்களை விட்டுச்சென்றன: தயக்கமில்லாத கோடு, ஒரே பார்வையில் பொருள் விளங்க வேண்டும் என்னும் கண்டிப்பு.

காலம் தாழ்ந்து வந்ததும் கணக்கில் கொள்ளத்தக்கது. பிக்காசோவும் பிராக்கும் நான்கு ஆண்டுகளாகத் தட்டுத்தடுமாறி உருவாக்கிய மொழி கிரிஸ் தூரிகை எடுக்கும்போது ஏறக்குறைய முழுமை பெற்றிருந்தது. வெளியிலிருந்து பார்த்தவருக்கு அதன் இலக்கணம் தெளிவாகத் தெரிந்தது. இது அவருக்குக் கிடைத்த வாய்ப்பு. அந்த இலக்கணம் எந்த ஐயங்களிலிருந்து பிறந்ததோ அந்த ஐயங்களை அவர் அனுபவித்திருக்கவில்லை. இது அவர் செலுத்திய விலை. வாய்ப்பு, விலை இரண்டும் அவருடைய முதல் பெரிய ஓவியத்திலேயே பதிந்திருக்கின்றன.

1912இல் சுதந்திரக் கலைஞர்களின் கண்காட்சியில் வைக்கப்பட்ட பிக்காசோவின் உருவப்படம்தான் அது. இன்று சிகாகோ கலைக்கழகத்தில் இருக்கிறது. பிக்காசோ 1910இல் வரைந்த கான்வைலரின் உருவப்படமும் அதே காட்சியகத்தில் இருப்பதால் ஒப்பீடு எளிது. கான்வைலர் படத்தில் ஒரு தளம் அடுத்த தளத்துக்குள் கரைந்து திறந்துகொள்கிறது. முகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண் தேடிக்கொண்டே இருக்கிறது. கிரிஸின் படத்தில் தேடல் இல்லை. கையில் வண்ணத்தட்டுடன் அமர்ந்த மனிதர், குளிர்ந்த நீலச் சாம்பல் தொனியில், பளிங்கை அறுத்ததுபோன்ற முகப்புகளாக நறுக்கப்பட்டிருக்கிறார். ஒவ்வொரு முகப்பிலும் ஒளியும் நிழலும் ஒழுங்காக விழுகின்றன. விளிம்புகள் எல்லாம் அடைபட்டிருக்கின்றன. வடிவம் உடைந்திருக்கிறது, பார்வை உடையவில்லை. மரபான அமர்வு நிலையின் மேல் கியூபிசம் போர்த்தப்பட்டிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் மறுக்க முடியாது. ஆயினும் தெளிவையே ஓர் உணர்வாக மாற்றும் திறம் அந்தப் படத்தில் முதல்முறையாகத் தெரிகிறது. மாணவரின் வணக்கமாகத் தொடங்கிய படம், ஆசிரியரிடம் இல்லாத ஒரு குணத்தை வெளிக்காட்டிவிடுகிறது.

அதே ஆண்டின் ‘கழுவுமேசை’, ‘கடிகாரம்’ ஆகிய ஓவியங்களில் நிலைமை மாறுகிறது. கிரிஸ் இங்கே கேன்வாஸைக் கோடுகளால் கட்டங்களாகப் பிரிக்கிறார். ஒரு கட்டத்தில் பொருள் மேலிருந்து தெரிகிறது, அடுத்ததில் பக்கவாட்டில், இன்னொன்றில் வெட்டுமுகமாக. இயந்திர வரைபடக்காரர் ஒரு பாகத்தைத் தளப்படம், நிலைப்படம் எனப் பிரித்துக் காட்டும் முறை இது. பிக்காசோவிடமும் பிராக்கிடமும் உணர்வால் நடந்த கோண மாற்றத்தை கிரிஸ் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவருகிறார். அந்தக் கட்டுப்பாட்டில் விறைப்பு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. சில மூலைகள் பாடம் ஒப்பிக்கின்றன.

ஆனால் ‘கழுவுமேசை’யில் ஒரு பொருள் இந்த முறைக்கு அடங்க மறுத்தது: முகம் பார்க்கும் கண்ணாடி. கண்ணாடிக்கு நிலையான தோற்றம் என்று ஒன்று கிடையாது. எதிரே எது வந்தாலும் அதுவே அதன் தோற்றம். அதை எந்தக் கோணத்திலிருந்து பகுத்தாலும் பகுக்கப்படுவது கண்ணாடியாக இராது. கிரிஸ் உண்மைக் கண்ணாடித் துண்டை எடுத்து கேன்வாஸில் பதித்தார். அந்த ஆண்டு மே மாதம் பிக்காசோ, பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஒட்டியிருந்தார். செப்டம்பரில் பிராக், மரக்கோடு அச்சிட்ட காகிதத்தை ஒட்டினார். அவ்விரண்டும் போலியைக் கொண்டு உண்மையைச் சீண்டியவை. கிரிஸின் கண்ணாடி கண்ணாடியாகவே நிற்கிறது. இதைக் கற்பனைக் குறைவு என்று சொல்வோர் உண்டு. நான் அதை நேர்மை என்று மதிப்பேன்: முறைமை எங்கே செல்லாது என்பதை ஓவியத்துக்குள்ளேயே ஒப்புக்கொள்ளும் நேர்மை. அவருடைய சிறந்த ஆண்டுகள் அங்கிருந்து தொடங்குகின்றன.

1913இல் கான்வைலருடன் ஒப்பந்தம் ஏற்பட்டதால் கேலிச்சித்திரப் பணியின் தேவை நீங்கியது. அந்த ஆண்டு தென்பிரான்ஸின் சேரேயில் தங்கியபோது அவர் ஓவியத்தில் வண்ணம் பெருகியது. கியூபிசத்துக்கு அவர் செய்த தனிக்கொடை இது என்பதில் எனக்குத் தயக்கமில்லை. கியூபிசத்தின் பகுப்புக் காலத்தில் பிக்காசோவும் பிராக்கும் வண்ணத்தைக் கிட்டத்தட்டத் துறந்திருந்தார்கள்; பழுப்பும் சாம்பலும் போதுமாக இருந்தன. வடிவம் இளகிவிடும் என்னும் அச்சம் அதற்கு ஒரு காரணம். கிரிஸ் செங்குத்தான பட்டைகளாகக் களத்தைப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் தனி வண்ணம், தனிப் பொருள்தன்மை கொடுத்தார். ஒரு பட்டையில் கித்தார் மரமாக இருக்கிறது. அடுத்த பட்டைக்குள் நுழைந்ததும் அதே வளைவு வெறும் வெள்ளைக் கோடாகிவிடுகிறது. வண்ணம் இங்கே அலங்காரமாக வரவில்லை. எந்தத் தளம் எங்கே முடிகிறது என்று தீர்மானிக்கும் பொறுப்பு அதன் மேல் விழுந்திருக்கிறது. வடிவம் இளகவும் இல்லை.

1914இன் காகித ஒட்டோவியங்களில் இந்தப் பொறுப்பு இன்னும் கூர்மையடைகிறது. மூத்த இருவரும் வெற்றுத்தாளில் சில துண்டுகளை ஒட்டி, மீதியைக் கரிக்கோட்டுக்கு விட்டார்கள். அந்த வெறுமையில் ஒரு காற்றோட்டம் இருந்தது. கிரிஸ் கேன்வாஸ் முழுவதையும் காகிதத்தால் மூடினார். நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகத்தில் உள்ள ‘காலையுணவு’ இவ்வகையில் உச்சம். மரக்கோடு அச்சிட்ட காகிதம் மேசையாகிறது, சுவர்க்காகிதம் சுவராகிறது, கோப்பையும் பாத்திரமும் மெல்லிய நிழலுடன் அதன் மேல் வரையப்படுகின்றன, செய்தித்தாள் துண்டில் ஓவியரின் பெயரே அச்சில் நிற்கிறது. இழந்தது பிராக்கின் காற்றோட்டம். ஈட்டியது, ஒரு துண்டை நகர்த்தினாலும் முழுதும் சரியும் இறுக்கம். கடையில் வாங்கிய காகிதங்கள் ஓவியருக்கு முன்பே தம் நிறத்தையும் கோட்டையும் உடையவை. அவற்றை அவர் விருப்பம்போல் மாற்ற முடியாது. முறைமைக்கு எதிரே நிற்கும் பொருள் இங்கே கையால் தொடக்கூடியதாகவே இருக்கிறது. ஓவியத்தின் இழுவிசை அதிலிருந்து வருகிறது.

போர் வந்தது. ஜெர்மானியரான கான்வைலர் சுவிட்சர்லாந்தில் தங்க நேர்ந்தது. கிரிஸின் வருவாய் நின்றது. உதவிக்கு வந்த மத்தீஸ், ஜெர்ட்ரூட் ஸ்டைன் ஆகியோரின் ஏற்பாட்டுக்கும் கான்வைலருடனான ஒப்பந்தத்துக்கும் இடையே அவர் அல்லாடினார். பின்னர் லெயோன்ஸ் ரோசன்பெர்கிடம் ஓவியங்களை விற்கத் தொடங்கினார். இந்த வறுமைக் காலத்தில்தான் அவருடைய இரண்டு தலைசிறந்த படைப்புகள் பிறந்தன.

முதலாவது, 1915இன் ‘திறந்த சன்னலின் முன் நிலைப்பொருள்கள், ப்ளாஸ் ராவிஞான்’. பிலடெல்பியா கலைக் காட்சியகத்தில் இருக்கிறது. அதுவரை கியூபிசம் பெரும்பாலும் மூடிய அறைக் கலை: மேசை, புகைக்குழாய், கோப்பை, செய்தித்தாள். கிரிஸ் சன்னலைத் திறந்தார். வெளியே மரங்களும் எதிர்வீடும் ஆழ்ந்த நீலத்தில் மாலையாகின்றன. உள்ளே மேசைமேல் பழத்தட்டு, ‘லெ ஜூர்னால்’ நாளிதழ், மெதோக் மதுவின் பெயர்ச்சீட்டு. சரிந்த பெரிய தளங்கள் அறைக்குள்ளிருந்து தெருவுக்குப் பாய்கின்றன. தெருவின் நீலம் மேசைமேல் இறங்குகிறது. உள், வெளி என்ற பிரிவை இல்லாமல் செய்வது எளிது. பல கியூபிஸ்டுகள் செய்தார்கள். இரண்டையும் வேறாகவே வைத்துக்கொண்டு ஒரே கட்டமைப்பில் பூட்டுவது கடினம். இங்கே வெளியொளியும் உள்ளொளியும் தத்தம் வெப்பநிலையை இழக்கவில்லை. அந்த நேரத்தின் அமைதிகூட மிஞ்சியிருக்கிறது. கணக்குப் போட்டு வரைந்தவர் என்ற குற்றச்சாட்டுக்கு இந்த ஒரு படம் போதுமான மறுப்பு.

இரண்டாவது, மாட்ரிட்டின் ரெய்னா சோஃபியா காட்சியகத்தில் உள்ள 1916இன் ‘ழோசெத்தின் உருவப்படம்’. தன் துணைவியை, அமர்ந்த பெண்ணுருவின் நெடிய மரபில் வைத்துக் கிரிஸ் சிந்தித்திருக்கிறார். அதே ஆண்டில் கொரோவின் ‘மாண்டலின் ஏந்திய பெண்’ணைத் தன் மொழியில் மாற்றி வரைந்தவர் அவர். சாம்பல், கறுப்பு, பழுப்பு ஆகியவற்றின் தட்டையான தளங்கள் அடுக்கப்பட்டு, ஒரு விளிம்பு தோளாகவும் அதே விளிம்பு பின்சுவரின் எல்லையாகவும் பணி செய்கிறது. முகத்தில் அடையாளக்குறிகள் மிகச் சில. ஆயினும் ஒரு குறிப்பிட்ட பெண்ணின் நிமிர்வு, அவருடைய கண்ணியம், தளங்களின் இடையே தெளிவாக இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய பிக்காசோ படத்தோடு இதை வைத்துப் பார்த்தால் வளர்ச்சியின் அளவு தெரியும். அங்கே உருவம் முதலில் இருந்தது, பின்னர் நறுக்கப்பட்டது. இங்கே தளங்களும் உருவமும் ஒன்றையொன்று உண்டாக்குகின்றன.

இனி அவருடைய கோட்பாட்டுக்கு வருவோம். 1921இல் ‘லெஸ்ப்ரி நூவோ’ இதழில் வெளியான குறிப்பிலும், 1924 மே மாதம் சொர்போனில் ஆற்றிய உரையிலும் கிரிஸ் தம் வழியை விளக்கினார். செசான் பொருளிலிருந்து தொடங்கி வடிவியலை நோக்கிச் சென்றார்; தாம் வடிவியலிலிருந்து தொடங்கிப் பொருளை அடைவதாக கிரிஸ் சொன்னார். பொதுவிலிருந்து சிறப்புக்கு இறங்குவது அவர் வழி. முதலில் நிறமும் வடிவும் கொண்ட தட்டையான கட்டடம். பிறகு அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதி புட்டியாகவும் இன்னொரு பகுதி கித்தாராகவும் இனங்காணப்படும். நிறங்களுக்கும் வடிவங்களுக்கும் உரிய எடை, விரிவு, செறிவு ஆகியவற்றின் உறவுகளையும் அவர் வகுத்துக்காட்டினார். ஓர் ஓவியர் தம் தொழிலைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசியது அக்காலத்தில் அரிது. கோட்பாடு என்ற அளவில் அது முரணற்றது. பெரும்பாலான கியூபிச அறிக்கைகளைவிட உயர்ந்தது.

கவனிக்க வேண்டியது ஆண்டுக்கணக்கு. கோட்பாடு அச்சேறியது 1921இல். மேலே நாம் மதிப்பிட்ட ஓவியங்கள் 1912 முதல் 1916 வரையானவை. அவற்றில் கழுவுமேசை, கடிகாரம், சன்னல், ழோசெத் ஆகியவை பொருள்களாகவே ஓவியரை முதலில் அழைத்தன. கண்ணாடித் துண்டு வடிவியலிலிருந்து பிறந்ததன்று. ப்ளாஸ் ராவிஞானின் நீலம், அவர் வாழ்ந்த இடத்தின் மாலையிலிருந்து வந்தது. ஆகவே பிற்காலக் கோட்பாட்டை முற்கால ஓவியங்களின் திறவுகோலாகப் பயன்படுத்துவது விமர்சனப் பிழை. பொன் விகிதத்தை அளந்து வைத்தாரா இல்லையா என்ற ஆய்வாளர் வாதமும் இதே வகையைச் சேர்ந்தது. அளந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓவியத்தின் தரம் மாறுவதில்லை.

கோட்பாட்டுக்கு முழுதும் இணங்கிய ஓவியங்கள் எப்படி இருக்கின்றன? 1917 முதல் 1920 வரையானவற்றில் தளங்கள் குறைந்து, கட்டு இறுகி, ஒரு கடுமையான அழகு நிலைக்கிறது. உயர்ந்த தரம்தான், முந்தைய ஆண்டுகளின் வியப்பு சற்றுக் குறைவு. 1920இல் நுரையீரல் உறைநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. அதன்பின் தென்பிரான்ஸில் பாந்தோலிலும் சேரேயிலும் தங்கி வரைந்தவற்றில் வளைவுகள் மிகுந்தன. கித்தாரின் இடுப்பு, மலையின் சரிவு, மேசைத்துணியின் மடிப்பு ஆகிய மூன்றும் ஒரே வளைவில் ஒத்திசைக்கின்றன. கான்வைலர் இதைக் கவிதையின் ஒலியியைபோடு ஒப்பிட்டுப் பாராட்டினார். தமிழ் வாசகருக்கு இந்த ஒப்பீட்டின் மறுபக்கமும் தெரியும். எதுகை பொருளைத் தேடித்தரும்போது செய்யுள் எழுகிறது. எதுகைக்காகச் சொல்லைத் தேடும்போது தளை தட்டாமலேயே செய்யுள் சாகிறது. 1922 முதல் 1925 வரையான பல பியரோ கோமாளி ஓவியங்களிலும் மேசை ஓவியங்களிலும் நடப்பது இரண்டாவது. மலை கித்தாரைப் போல வளைய ஒப்புக்கொள்கிறது, கித்தார் மேகத்தைப் போல. எதுவும் எதையும் மறுப்பதில்லை. டியாகிலெவின் பாலே குழுவுக்காக அவர் செய்த அரங்க வடிவமைப்பு இதே காலத்தைச் சேர்ந்தது. அரங்கின் இனிமை அந்த ஓவியங்களிலும் படிந்திருக்கிறது.

இத்தீர்ப்பில் நியாயம் தவறக்கூடாது. போருக்குப் பின் ஒழுங்கை நோக்கிய திருப்பம் பாரிஸ் முழுவதிலும் இருந்தது. பிக்காசோவும் அதில் கலந்தார். நோயும் அழுத்தியது. போர்க்காலத்தில் அரசு கைப்பற்றிய கான்வைலரின் கையிருப்பு 1921 முதல் 1923 வரை ஏலம் விடப்பட்டதால் கியூபிச ஓவியங்களின் விலை சரிந்தது. சூழல் தளர்ச்சியை விளக்குகிறது. ஓவியத்தின் தரத்தை அது உயர்த்திவிடாது. அதே காலத்தில் விதிவிலக்குகள் இருப்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1921இன் ‘கனிகூ’ ஓவியத்தில் பனி மூடிய மலை, மேசைக்கும் கித்தாருக்கும் பின்னே தன் எடையோடு நிற்கிறது. ஒத்திசைவுக்கு வளைந்து கொடுக்கவில்லை. 1926, 1927 ஆண்டுகளின் கடைசி நிலைப்பொருள் ஓவியங்களில் நிறம் ஆழ்கிறது, தளம் அகல்கிறது, பொருள் மறுபடி கனம் பெறுகிறது. கான்வைலர் இவற்றைச் சிகரம் என்றார். மீட்சி என்று சொல்வதே அளவானது. மீட்சி எங்கே சென்று முடிந்திருக்கும் என்று தெரிவதற்குள், 1927 மே 11 அன்று பாரிஸை அடுத்த பூலோனில், சிறுநீரகம் பழுதடைந்து தம் நாற்பதாம் வயதில் கிரிஸ் இறந்தார்.

இரண்டு பழைய குற்றச்சாட்டுகளை இனித் தள்ளிவிடலாம். குளிர்ச்சியானவர் என்பது ஒன்று. குளிர்ச்சி ஓர் இயல்பு; செயல்திறக் குறை அன்று. பின்பற்றியவர் என்பது மற்றொன்று. வண்ணத்துக்குக் கட்டமைப்புப் பணி கொடுத்தது, ஒட்டோவியத்தை முழுக்களமாக்கியது, சன்னல் வழியே உள்ளையும் வெளியையும் ஒரே கட்டமைப்பில் பூட்டியது ஆகியவற்றைச் செய்தவரைப் பின்பற்றியவர் என்று தள்ள முடியாது. மாறாக, அவருடைய முறைமையை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று வேறிடத்தில் இருக்கிறது. ஒசான்ஃபானும் லெ கொர்புசியேவும் தொடங்கிய தூய்மைவாதம், அவருடைய ஓவியத்தில் இருந்த அதே தெளிவையும் ஒழுங்கையும் தன் கொள்கையாக்கியது. அவர்களுடைய புட்டிகளும் குவளைகளும் பிழையற்றவை; யாரையும் எதிர்த்து நிற்பவை அல்ல. விதி மிஞ்சியது, பொருள் போய்விட்டது.

ஆகவே தீர்ப்பு இது. 1912 முதல் 1916 வரையான கிரிஸ், பிக்காசோவுக்கும் பிராக்குக்கும் இணையாக வைத்துப் பேச வேண்டிய முதல்தர ஓவியர். 1917 முதல் 1920 வரை உயர்ந்த தரம், குறைந்த துணிவு. அடுத்த ஐந்தாண்டுகள், ‘கனிகூ’ போன்ற சில நீங்கலாக, இரண்டாம் தரம். கடைசி இரண்டாண்டுகள் முற்றுப்பெறாத மீட்சி. மூன்றாம் இடம் அவருக்கு உரியதுதான். மொழியை உருவாக்கியவர்கள் மற்ற இருவர் என்பதால். அந்த இடத்தை அவருக்கு ஈட்டித்தந்தவை சொர்போன் உரையோ வடிவியலோ அல்ல. விதிக்கு அடங்க மறுத்த பொருள்களை மதித்து வரைந்த ஏறத்தாழ முப்பது மாதங்களுக்குள் வந்த ‘காலையுணவு’, ‘ப்ளாஸ் ராவிஞான்’, ‘ழோசெத்’ போன்ற ஓவியங்களே. அவரை அறிய விரும்புகிறவர்கள் இந்த ஓவியங்களை முதலில் பார்த்துவிட்டு, அவருடைய கோட்பாட்டைப் பிறகு படிக்கட்டும்.